சுதா பெயரில் வரும் பெட்டி

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். எதிர் வீட்டு ஓடு கூடத் தெரியவில்லை. துணி காயவில்லை, மூன்றாவது நாள்.

சாயங்காலம் சோளக்காடு பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்காரர் கூப்பிட்டு நிறுத்தினார். "சார், அம்மா பேருக்குப் பெட்டி வந்திருக்குதுங்க. சேந்தமங்கலத்துல இருந்து பஸ்ஸுல போட்டு உட்டிருக்காங்க." கூரியர்காரர் மலை ஏறுவதில்லை. மலைப்பாதையின் எழுபது வளைவும் அவருக்கு ஆகாதாம், வாந்தி.

சுதா போன பிறகு இது நான்காவது. ரோஸ் நிற அட்டைப்பெட்டி, மேலே பட்டாம்பூச்சி. உள்ளே முகத்துக்குப் பூசுகிற சாமான்கள், மாதிரிக்கு ஐந்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. ஜூனில் கல்யாண நாளுக்கு ஒரு வருடச் சந்தாவாக நான்தான் போட்டுக் கொடுத்தேன், என் போன் நம்பரில். பிள்ளையில்லாத வீடு, மூட்டம் பிடித்த ஊர், பேச ஆளில்லை. மாதம் ஒரு பெட்டி வந்தால் பிரித்துப் பார்க்க ஒரு வேலை இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

ஜூன், ஜூலைப் பெட்டிகளை அவள் பிரித்தாள். ஆகஸ்டிலிருந்து வந்தவை பீரோ மேல். பிரிக்கவில்லை. அவள் திருச்செங்கோட்டில் அண்ணன் வீட்டில். அவளிடமிருந்து ஒரு போன் இல்லை.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பெட்டி வர வேண்டிய முகவரியை அவள் மாற்றவில்லை. திரும்பி வராதவள் என்றால் மாற்றியிருப்பாள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நாலு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

குடைக்கம்பி சரி செய்ய வேண்டும். தீப்பெட்டி. உளுந்து.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. தேவனூர் நாட்டுக் கிராமங்கள் பக்கம் மிளகு வாடல் பார்க்கப் போக வேண்டியது. ஜீப் வரவில்லை. அரை நாள் வீட்டில்.

ஆகஸ்ட் பெட்டி ஓரத்தில் எறும்பு, அதனால் பிரித்தேன் என்று எழுதலாம். பொய். வாசம் பார்க்கத்தான் பிரித்தேன்.

உள்ளே இருந்தவை:
முகம் கழுவும் ஜெல், வெள்ளரி.
சீரமாம், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து மாதிரி. இந்த மாதத்தோடு காலாவதி.
இரவில் பூசும் கிரீம்.
லிப்ஸ்டிக், ஈர்க்குச்சி மாதிரி.
முகத்தில் ஒட்டுகிற ஈரத்துணி, கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை போட்டது.

எல்லாவற்றையும் முகர்ந்தேன். ஒன்றிலும் சுதா வாசம் இல்லை. எப்படி இருக்கும், அவள் தொட்டதே இல்லையே. முட்டாள்.

சீரம் வீணாகிறது என்று மனம் கேட்கவில்லை. இருபது வருடமாக, காலாவதியான மருந்தை அடிக்காதீர்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறவன். இடது கன்னத்தில் நாலு சொட்டு. வலது கன்னம் ஒன்றும் பூசாமல், ஒப்பிட. தோட்டக்கலைக்காரன் புத்தி எங்கே போகும்.

இ.க.: ஜிலுஜிலுப்பு, பிசுபிசுப்பு. வ.க.: பழைய மூஞ்சி.

நவம்பர் 5, புதன்

ஆபீஸ். கிறிஸ்டி மேடம் ஃபைலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன சார், மூஞ்சி ஒரு பக்கம் மட்டும் மினுங்குது?" வியர்வை என்றேன். இந்தக் குளிரில் வியர்வை. அவர் தூத்துக்குடிப் பக்கம், வெயிலைப் பற்றி அவரிடம் பொய் சொல்ல முடியுமா. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நல்ல மனுஷி. அவர் மேல் கோபப்படக் கூடாது என்று தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மே மாத மாறுதலில் ராசிபுரத்தில் இடம் காலி இருந்தது. மலையிலேயே தொடர விருப்பம் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் சுதாவிடம், "கேட்டேன், கெடைக்கலை" என்றேன். ஐந்து வருடமாக அந்த மாறுதலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். ஜூலையில் சந்தையில் மேடம் அவளைப் பார்த்து, "சாருக்கு இந்த மலை மேல அவ்வளவு ஆசையாம்மா, வந்த இடத்தையே வேண்டாம்னுட்டாரே" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

சுதா அன்றைக்குச் சண்டை போடவில்லை. சோறு போட்டாள். அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனாள்.

ஏன் அப்படி எழுதிக் கொடுத்தேன்? இந்தக் குளிர் பிடித்திருந்தது. மிளகுக்கொடி பிடித்திருந்தது. சொந்தக்காரர் யாரும் இங்கே ஏறி வருவதில்லை என்பதும் பிடித்திருந்தது. அவளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்பது தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டு விட்டு. கரண்ட் இல்லை.

ஆபீஸ் விட்டு வந்து ஈரத்துணியை முகத்தில் ஒட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. வெள்ளையம்மா வந்தது தெரியவில்லை. வீட்டுச் சொந்தக்காரம்மா, பின்னால் மரவள்ளி போட்ட குச்சிக்காடும் அவர்களுடையதுதான். கிழங்கு கொண்டு வந்தவர் வாசலிலிருந்தே, "கண்ணு, வந்துட்டீங்களா! எப்ப வந்தீங்க?" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். நான் திரும்பினேன்.

"அய்யோ சாமி!" கிழங்கு தரையெல்லாம்.

துணியை உரித்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று.

"ஏனுங்க சார், ஊட்டுக்குள்ள இருந்து பொம்பள வாசம் வந்துச்சு. அம்மா வந்துட்டாங்கன்னு ஓடியாந்தேன்."

"இல்லீங்க."

"எப்பத்தான் வாராங்க?"

"வருவாங்க."

"போனப் போட்டுக் கூப்புடுங்க சார். கூப்புடாம எப்படி வாரது?"

கிழங்கைப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனார். வாசம் வீட்டை விட்டுப் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன், மூட்டம் உள்ளே வந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 8, சனி

லேசான வெயில். தேவனூர் நாடு போய் வந்தோம். மிளகு பச்சையாகத்தான் இருக்கிறது. பதினொரு கொடியில் வாடல். செப்டம்பர் பெட்டியிலிருந்த சன் ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு போனேன். நடுவில் பெய்த தூறலில் கரைந்து கண்ணில் இறங்கி எரிச்சல். வேப்பம்புண்ணாக்கு பற்றிப் பேசும்போது கண்ணில் தண்ணீர். ஒரு பெரியவர், "அழுவாதீங்க சார், கொடி பொழச்சுக்கும்" என்றார்.

செப்டம்பர் பெட்டியில் சந்தாதாரர் விவரச் சீட்டு ஒன்று. பெயர், வயது, தோல் வகை: எண்ணெய்ப் பசை. ஜூனில் நான் பதிவு செய்தது. முதல் பெட்டி வந்தபோது அதிலும் இருந்த இதே மாதிரிச் சீட்டைப் படித்துவிட்டு சுதா, "எனக்கு வறண்ட தோலுங்க. பதினாறு வருசத்துல ஒரு நாளாவது பார்க்கலியா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றவில்லை. ஆறு மாதமாக எண்ணெய்ப் பசை முகத்துக்கான சாமான்களே வந்துகொண்டிருக்கின்றன, அந்த முகம் இந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

மூட்டம். ஆபீஸ்.

சுதா கூப்பிட்டாள்.

மதியம் பன்னிரண்டேகால். பெயரைப் பார்த்ததும் வெளியே ஓடினேன், தண்ணீர் தொட்டிப் பக்கம். மூச்சு வாங்கியது. நாலு மாதத்தில் முதல் பேச்சு இது:

"ஏனுங்க, ஒரு ஓடிபி வரும். அதச் சொல்லுங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டிக்கு அட்ரஸ் மாத்தோணும். உங்க நம்பருக்குத்தான் வருது. பாக்கி ஆறு பெட்டி வரோணுமில்லீங்களா. எனக்குன்னு குடுத்ததுதானே."

பேசும்போதே செய்தி வந்து விழுந்தது. ஆறு எண். யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நல்ல சட்டம்.

"வரலை" என்றேன். "மழை. சிக்னல் இல்லை."

"அப்படீங்களா. நாளைக்குப் பார்க்கறேன்."

"அண்ணன் வீட்டு அட்ரஸா?"

"இல்லீங்க. தனியா ஊடு எடுத்திருக்கேன். ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை கெடைச்சிருக்குது. பக்கத்துலயே."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். நீங்க? என்றாள். ஆயிற்று என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. வைத்துவிட்டாள்.

அண்ணன் வீடு என்றால் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று அர்த்தம். தனி வீடு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

அசிங்கமான ஒரு விஷயம். காலை எழுந்ததிலிருந்து சந்தோஷமாக இருந்தேன். இன்றும் கூப்பிடுவாள் என்று. எண்ணைச் சொல்லாத வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்க வேண்டும். புதுச் சட்டை போட்டேன், போனில் பேசுவதற்கு.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டாள். செய்தி வந்தது. பார்த்தேன். வரவில்லை என்றேன். இன்னொரு தடவை அனுப்பச் சொன்னாள் போல, அதுவும் வந்தது. அதையும் வரவில்லை என்றேன். நடுவில் வெள்ளையம்மா கிழங்கு கொட்டிய கதையைச் சொன்னேன். ஈரத்துணியைச் சொல்லவில்லை, அதனால் கதை சப்பென்று போயிற்று. அவள் சிரிக்கவில்லை.

"பார்த்தேன், வரலை சுதா" என்றேன் மறுபடி.

அவள் சொன்னாள்: "அன்னிக்கும் இதே மாதிரிதானுங்க சொன்னீங்க. கேட்டேன், கெடைக்கலேன்னு."

புதுச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"சரிங்க, வேலை இருக்குது" என்று வைத்துவிட்டாள்.

குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். நான் அவள் தோலைப் பார்க்காமல் பதினாறு வருடம் இருந்திருக்கிறேன். அவள் என் பொய் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 12, புதன்

கனமழை. கீழே வளைவில் மண் சரிந்து காலை பஸ் இல்லை. கிறிஸ்டி மேடம் லீவு.

இ.க. சிவந்து தடித்திருக்கிறது. அரிப்பு. சீரம் ஒத்துக்கொள்ளவில்லை. காலாவதி இன்னும் ஆகவில்லை, அதன் மேல் பழி போட முடியாது. என் தோல் எந்த வகை என்றும் எனக்குத் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினேன். சோதனை நிறுத்தம்.

சுதா கூப்பிடவில்லை. போனைத் தொட்டி மேட்டிலேயே வைத்துக்கொண்டு குடைக்குள் நின்றேன், அரை மணிக்கு மேல். நாலு கோடு சிக்னல். மழையாவது ஒன்றாவது.

மாறுதல் மனு எழுதினேன். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, எங்கே என்றாலும் சரி. மூன்று தடவை எழுதிக் கிழித்து நாலாவது சரியாக வந்தது. பையில் வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவையாவது சொல்லிவிட்டு.

நவம்பர் 13, வியாழன்

மழை. கூப்பிடவில்லை. அக்டோபர் பெட்டியைப் பிரிக்கத் தோன்றவில்லை. கிழங்கு அவித்தேன், உப்பில்லை.

நவம்பர் 14, வெள்ளி

வெயில், பத்து நாளில் இன்றைக்குத்தான் நன்றாக.

மதியம் நானே கூப்பிட்டேன். எண்ணை அழுத்தும்போதுதான் உறைத்தது, அவள் போனதிலிருந்து நானாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. போன் இல்லை, போன் இல்லை என்று அவளைத்தான் இத்தனை நாளும் இங்கே குறை சொல்லி எழுதிக்கொண்டிருந்தேன்.

"சுதா, இப்ப அனுப்பச் சொல்லு. சொல்றேன்."

"சிக்னல் வந்துடுச்சுங்களா?"

"சிக்னல் அன்னைக்கும் இருந்துச்சு."

"தெரியுமுங்க."

மனு எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன். ஊர் ஊராகச் சொன்னேன். திருச்செங்கோடும் எழுதியிருக்கிறேன் என்றேன். அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது.

"எனக்காக எழுதாதீங்க. உங்களுக்கு அந்த மலை புடிச்சிருக்குது. அத அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா, திட்டிக்கிட்டே அங்கயே இருந்திருப்பனோ என்னமோ. இனி வேண்டாமுங்க."

அழவில்லை, சத்தமும் ஏறவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பக்கத்துக் கடையில் வழி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"அனுப்பட்டுங்களா?"

அனுப்பு என்றேன். உடனே வந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவளும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். ஐந்தாவதோடு நிறுத்திக்கொண்டேன். வேண்டுமென்றேதான்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க" என்றாள்.

சொன்னேன்.