காணிக்கை அடி

இஞ்சருங்கோ,

நோவெண்ணெய் மணம் வீடு முழுக்க நிற்கிறது. நீங்கள் கண்மூடி எட்டு மாதமாக அந்தப் போத்தலை யாரும் தொடவில்லை. இன்று பின்னேரம் மகள் டிலானி திறந்தாள். வலது புறங்காலில் தேய்த்துக்கொண்டு இருக்கிறாள். அடி வாங்கிய கால் அல்ல, அடித்த கால். உங்களுக்கும் அப்படித்தான் வீங்கும்.

தேய்த்தபடியே, "அம்மா, நான் அப்பாவைவிடத் திறமோ?" என்று கேட்டாள்.

அவளுடைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து அவளுக்குப் பதில் சொல்ல முன்னம் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று கோயில் மைதானத்தில் பெண் பிள்ளைகளின் புட்போல். நறுவிலிக்குளத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கொழும்பு அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய ஒரு ரீச்சரும் வந்து கதிரை போட்டு இருந்தா. எதிர்ப்பக்கத்தில் சின்னவள் ஒருத்தி, ஊதினால் விழுந்துவிடுகிற மெலிவு. அவள் காலில் பந்து பட்டதும் மதிலோரம் இருந்த உங்கள் கூட்டாளிகள் கதையை நிறுத்தினார்கள். எங்கள் ஊரின் பழைய ஆட்டக்காரர் தொம்மையருக்குப் பிறகு இப்படி ஒரு திரும்பலைக் காணவில்லை என்றார் ஒருவர். அப்படியென்றால் அளந்து பார்க்க வேண்டும் என்றார் மற்றவர். மகளைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, காணிக்கையைக் குடு. உன்ரை அப்பர் அப்பிடித்தான் அளந்தவர்."

அந்த அளவையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புதிதாக ஒருவன் பேர் எடுத்தால் ஆட்டம் தொடங்கின கையோடு அவன் காலுக்கு ஒன்று விழும். எழும்பி விளையாடினால் பெரிய ஆள். கிடந்தால் வெறும் பேச்சு. தொம்மையர் காணிக்கை வாங்கி, சப்பாத்துக்குள் இரத்தம் நிறைய நிறைய இரண்டு கோல் போட்டவர் என்று தொட்டில் பிள்ளைக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். பிறகு வந்தவர்களுக்கு அந்த அடியைக் கொடுக்க ஊர் உங்களைத்தான் வைத்திருந்தது.

டிலானி ஓடினாள். பந்தை அவள் பார்க்கவே இல்லை. சின்னவள் முகம் குப்புற விழுந்து மண்ணைத் துப்பினாள், மண்ணோடு ஒரு பல்லும் வந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது அவளுடைய ஒரு பாதம் தொங்கி ஆடியது. மதிலோரம் ஒரே கைதட்டல். தகப்பன் உயிரோடு வந்து நிற்கிறார் என்றார்கள். ரீச்சர் டிலானியின் பெயரை எழுதினா.

நான் மைதானத்தைப் பார்க்கவில்லை. வேறொரு நாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யுத்தம் நின்று, சமாதானம் என்று பாதை திறந்து விட்டிருந்த காலம். நாங்கள் கலியாணம் கட்டி நாலு மாதம். நறுவிலிக்குளத்தார் உழவு மெசினில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு பொடியனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். நாலு தரம் பந்து அவனிடம் வந்தது. நாலு தரமும் எங்கள் ஆட்கள் ஒருவரில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். "உங்கடை தொம்மையர் இவனுக்குப் பந்து பொறுக்கிக் குடுக்கலாம்" என்று அவர்கள் பக்கம் ஒருவன் கத்த, எங்கள் ஊருக்கே கண் சிவந்தது.

ஐந்தாம் தரம் நீங்கள் போனீர்கள். முழங்காலுக்கு. காய்ந்த பனை மட்டை முறிகிற சத்தம் மதில் வரைக்கும் கேட்டது. கால் மடியக் கூடாத பக்கம் மடிந்து கிடந்தது. அவன் கத்தவில்லை. மண்ணை அள்ளி அள்ளிக் கடித்தான். அவர்கள் கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். நீங்கள் ஒருவனின் மூக்கை உடைத்தீர்கள், உங்கள் மண்டை பிளந்தது. பங்குச் சுவாமி ஓடிப் போய்க் கோயில் மணியை அடித்தார். அதற்கும் ஒருவரும் நிற்கவில்லை.

அன்றைக்கு உங்கள் காலுக்கு எண்ணெய் போட்டது நான். "அடி தாங்காதவன் பெரியவனில்லை" என்றீர்கள். ஓம் என்றேன்.

நீங்கள் ஒருநாளும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் ஓடும்போது மதிலில் ஏறி நின்று "குடுங்கோ" என்று கத்தினவள் நான். எத்தனையோ பேர் கத்தினார்கள். ஆனால் என் குரலுக்குத்தான் நீங்கள் ஒருக்கால் திரும்பிப் பார்த்தீர்கள்.

யுத்தத்தின் கடைசிச் சண்டையில் அவன் வெள்ளாங்குளப் பக்கம் இருந்தானாம். செல் விழ எல்லாரும் ஓட, அவன் பொல்லை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தானாம், வந்து சேரவில்லையாம். செய்தி வந்தபோது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு இருந்தீர்கள். விரலில் சோறு காயும் வரைக்கும் அப்படியே இருந்தீர்கள். அதன் பிறகு மைதானப் பக்கம் போகவில்லை. உங்களுக்கு வயது போய்விட்டது என்று ஊர் நினைத்தது. நானும் கேட்டவர்களுக்கு அதையே சொன்னேன். மகளுக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு எழும்பிப் போய் அவளிடம் சொன்னேன்.

"நீ அப்பாவைவிடத் திறம்தான். உனக்கு வேகம் கூட. ஆனா நான் கண்ட ஆக்களிலை பெரிய ஆள் அப்பா இல்லை. தொம்மையரும் இல்லை. நாலு தரம் பந்து தொட்ட ஒரு பொடியன்."

ஆர் என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன், நான் கத்தினதையும். காலை இழுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளையின்ரை கால் முறிஞ்சிருக்குமோ, அம்மா?"

"நாளைக்குப் போய்ப் பாப்பம்."

"அவையள் அடிச்சால்?"

"அடிப்பினம். நானும் வாறன்."

உங்களைக் குறைத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. கோவிக்காதேங்கோ. நாளைக்கு நறுவிலிக்குளத்தில் பிள்ளையின் காலைப் பார்த்த பிறகு, அங்கே பெரியவர்கள் யாரிடமாவது ஒன்று கேட்க வேண்டும். செய்தி கொண்டு வந்தவர்களும் அவனைக் கால் உடைந்த பொடியன் என்றுதான் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். இருபது வருடமாக அவனைச் சுமந்துகொண்டு திரிகிறேன், அவனுடைய பெயர் எனக்குத் தெரியாது.