வாய் திறக்கும் சடங்கு

அன்புள்ள அம்மாவுக்கு, சின்னவன் வணக்கத்தோட எழுதுறேன். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே வெளிநாட்டில் நான் வேலை பார்க்கிற ஸ்டுடியோவில் ஒரு எலக்ட்ரானிக் பாட்டு தயாராகுது. பழைய எகிப்தில், இறந்தவர் மறுபடி பேசணும், சாப்பிடணும்னு ஒரு கருவியால் அவர் வாயைத் தொட்டுச் சடங்கு செய்வாங்களாம். அதைப் பத்தின பாட்டு.

"இறந்தவர்கிட்ட பேசுற மாதிரி உன் பாஷையில் ஏதாவது சொல்லு"ன்னு இசையமைப்பாளர் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"ன்னேன். அப்பா காரியத்துக்கு ஊருக்கு வர முடியாதப்பகூட வராத அழுகை அங்கே வந்துடுச்சு. பயப்படாதே, தண்ணி குடிச்சதும் சரியாயிட்டேன். அழுகையைப் பாட்டில் சேர்க்கட்டுமான்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன். கேள்வி மட்டும் இருக்கு.

வேலைக்குக் கூப்பிடுறாங்க. மாத்திரையை மறக்காதேம்மா. அப்புறம், அப்பா போன் நம்பரை ரத்து பண்ணிடாதே. எப்பவாவது கூப்பிடுவேன். மணி அடிக்கட்டும், நீ எடுக்காதே.

உன் சின்னவன்