ஜாம் சட்டி மூடிக்கு விதித்த தடையை நீக்கக் கோருதல்

அனுப்புநர்
திருமதி மேவிஸ் ஓல்ட்ராய்ட்,
7, வூல்பேக் சந்து,
ஸ்கெல்பி, யார்க்‌ஷயர்.

பெறுநர்
திரு நைஜல் ஹெப்வொர்த் அவர்கள்,
விளையாட்டுத் துறைத் தலைவர்,
ஸ்கெல்பி நகர மன்றம்.

பொருள்: ஸ்கெல்பி நாரைகள் கூடைப்பந்துக் கழகத்தின் ஆட்டங்களுக்கு நானும் என் மூடியும் வரக் கூடாது என்று போட்ட தடையை வரும் 12ஆம் தேதி சனிக்கிழமைக்குள் நீக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எண்பத்தொரு வயது ஆகிறது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கம்பள ஆலைக்கு வேலைக்குப் போனவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

2. போன மாதம் விளையாட்டு மண்டப வாசலில் உங்கள் ஊழியர் டீன் என்னை மறித்தார். "மேவிஸ், மூடி உள்ள வரக் கூடாதாம்" என்றார். "சரி கண்ணு, மூடிய நீ வச்சுக்கோ, நான் போறேன்" என்றேன். "உங்களையும் சேர்த்துத்தான் எழுதியிருக்காங்க" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். டீன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பிறந்தபோது கம்பளிக் குல்லாய் பின்னிக் கொடுத்தவள் நான். காரணம் கேட்டு எழுதியதற்கு நீங்கள் அனுப்பிய பதிலில், என் மூடி "எதிரணியின் கவனத்தைக் குலைக்கும் ஒலிக்கருவி" என்றும், கழகத்தின் வரலாற்றில் அதற்கு எந்த இடமும் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். இடம் இருக்கிறது, ஐயா. தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

3. கழகம் 1971இல் எங்கள் ஆலையின் சாயப் பிரிவில் பிறந்தது. லாட்வியா நாட்டிலிருந்து போருக்குப் பிறகு வந்து சேர்ந்த வால்டிஸ் ஓஸோல்ஸ் என்பவர், ஒரு பீப்பாயின் இரும்பு வளையத்தைக் கழற்றிச் சரக்கு முற்றத்துச் சுவரில் அடித்தார். சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருப்பார். எங்கள் ஊர் ஆண்களுக்கு அப்போது தெரிந்தது ரக்பி ஒன்றுதான். பந்தை வைத்திருப்பவன் மேல் பாய்ந்து தரையில் சாய்ப்பதுதான் எந்த ஆட்டத்துக்கும் இலக்கணம் என்று நினைத்திருந்தார்கள். ஆகவே முதல் ஆட்டத்தில் இடைவேளை வருவதற்குள் எங்கள் பக்கம் களத்தில் நின்றது வால்டிஸ் மட்டும்தான். மற்ற எல்லோரையும் நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். முதலில் வெளியே போனவர் என் கணவர் ஸ்டான். "நான் அவரக் கட்டித்தான் பிடிச்சேன்" என்று நடுவரிடம் வாதாடினார். பிறகு பதினோரு வருடம் அவர்தான் அணித்தலைவர்.

4. இனி மூடி. 1974 சனவரியில் நாடு முழுக்க மின்வெட்டு இருந்தது உங்களுக்கு நினைவிருக்காது, அரைக்கால்சட்டை போடும் வயது உங்களுக்கு. மண்டபத்தில் விளக்கும் கிடையாது, நேரம் முடிந்தால் ஒலிக்கிற மணியும் கிடையாது. உயரச் சன்னல்களில் வெளிச்சம் இருக்கும்வரை ஆடுவது என்று லீக் முடிவு செய்தது. மணிக்கு என்ன செய்வது? வால்டிஸ் நேரே என் சமையலறைக்கு வந்தார். நான் ஜாம் காய்ச்சும் பெரிய பித்தளைச் சட்டியின் மூடியைக் கையில் எடுத்து, மரக்கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. "மேவிஸ், இதுதான். தட்டப்போறது நீதான்" என்றார். அந்த ஆட்டப் பருவம் முழுக்க இந்த ஊரில் எந்தக் கூடைப்பந்து ஆட்டமும் என் கை அசையாமல் முடிந்ததில்லை. லீக் செயலாளரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மணி, இன்னும் கொஞ்சம் பலமா" என்று கேட்டுக்கொண்டார். ஒலிக்கருவி என்று நீங்கள் சொல்வது அப்போது லீக் ஒப்புக்கொண்ட மணி.

5. மின்சாரம் திரும்பியதும் மணியும் வந்துவிட்டது. மூடியைச் சும்மா வீட்டில் வைத்திருக்க மனம் வரவில்லை. எதிரணி ஆள் தனியாக நின்று ஃப்ரீ த்ரோ எறியும்போது தட்டத் தொடங்கினேன். இதை யாரும் என்னிடம் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை.

6. இப்போது 1988 மார்ச்சுக்கு வர வேண்டியிருக்கிறது. தோர்ன்விக் அணியோடு ஆட்டம், வென்றவருக்கு மேல் பிரிவு. ஆட்டம் நீண்டு ஆறு மணியைத் தாண்டிவிட்டது. ஆறு மணிக்கு மண்டபம் பேட்மிண்டன் சங்கத்துடையது என்பதால் அவர்கள் மட்டையும் வலையுமாகக் கோட்டோரம் வரிசையாக நின்றுகொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்டா இது?" என்று சத்தமாகவே கேட்டார்கள். கடைசி விநாடி. தோர்ன்விக் ஒரு புள்ளி பின்னால். அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் வெற்றி. எறிய வந்தவர் உயரமான, சிவந்த காதுகள் கொண்ட இருபத்து நான்கு வயது இளைஞர். நான் தட்டினேன். முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. நான் மறுபடியும் தட்டினேன். இரண்டாவது பந்து வளையம், பலகை, வலை எதையும் தொடாமல் போய்ப் பேட்மிண்டன் சங்கத் தலைவியின் மடியில் விழுந்தது. "வளையம் அங்க இருக்கு, கண்ணு" என்று நான் கையைக் காட்டியது உண்மைதான். அந்த இளைஞர் யார் என்பதை நாகரிகம் கருதி இந்த மனுவில் எழுதவில்லை, நைஜல்.

7. அந்தப் பழைய சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டு தாங்கள் இந்தத் தடையைப் போட்டிருப்பீர்கள் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. எதையும் மனதில் வைத்துக்கொள்வது நான்தான். உதாரணமாக, 1996இல் எங்கள் கழகம் ஓர் அமெரிக்க ஆட்டக்காரரை வரவழைத்தது. பருவத்தில் பாதிவரை என் வீட்டு மாடியறையில் தங்கி, என் மேசையில் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் தின்று, "மேவிஸ், எங்கம்மா சமையலவிட நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, தோர்ன்விக் ஒரு கார் தருகிறது என்றதும் போய்விட்டார். அவர் பெயரை என் வாயால் சொல்வதில்லை. கார் சிவப்பு நிறம். மறுபடி எங்கள் மண்டபத்தில் ஆட வந்தபோது அவருக்கென்று இரும்புக் கரண்டி கொண்டுபோனேன்.

8. பிறகு ஆலையை மூடினார்கள். கழகத்தை மூடவில்லை. மண்டபக் கூரை ஒழுகிய வருடங்களில் களத்தின் நடுவே வாளி வைத்து, அதைச் சுற்றிப் பந்து தட்டி ஆடினார்கள். வந்த அணிகள் வாளியில் இடறி விழுந்தன, எங்கள் பையன்கள் விழவில்லை. வால்டிஸ் காலமானார். மூன்று வருடம் முன்பு ஸ்டானும் போய்விட்டார். தகனக் கூடத்தில் பாதிரியார் எல்லாம் சொல்லி முடித்ததும், பையிலிருந்து மூடியை எடுத்து, ஆட்டம் முடிந்ததற்குத் தட்டுவதுபோல ஒரு தட்டுத் தட்டினேன். பாதிரியார் துள்ளிவிட்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அதன்பிறகு வாரத்தில் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாள் ஒன்றுதான். அது சனிக்கிழமை. அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

9. வரும் 12ஆம் தேதி பருவத்தின் கடைசி ஆட்டம், எதிரணி தோர்ன்விக். தோற்றால் நாரைகள் நான்காம் பிரிவிலிருந்தும் இறங்கிவிடும். அதற்குக் கீழே உள்ள அணிகளுக்குச் சனிக்கிழமை மண்டபம் தருவதில்லை என்பது உங்கள் துறையின் விதி. மண்டபம் இல்லையென்றால் கழகமும் இல்லை. ஐம்பத்து நான்கு வருடமாகப் பார்த்து வந்த ஒன்று முடியப்போகிறதென்றால், அதை வாசலுக்கு வெளியே நின்று டீனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை.

10. ஆகவே, என்னையும் மூடியையும் அன்று உள்ளே விட்டு, வழக்கமான பெஞ்சில் உட்கார அனுமதித்து எழுத்தில் உத்தரவு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தர இயலாது என்றால் அதற்கும் நான் ஏற்பாடு செய்துவிட்டேன். மண்டபத்தின் மேற்குச் சன்னல்களுக்கு வெளியே உள்ள நடைபாதை சாலைத் துறையுடையது, உங்கள் துறையுடையது அல்ல. விசாரித்துவிட்டேன். அங்கே மடக்கு நாற்காலி போட்டு உட்காரத் தடையில்லை. அன்று என்னோடு அவரவர் மூடியோடு வர இதுவரை பதினொரு பேர் சம்மதித்திருக்கிறார்கள். பெரும்பாலும் பேட்மிண்டன்காரிகள். உள்ளே ஒரு மூடியா, வெளியே பன்னிரண்டா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

11. முடிவு செய்யுமுன் உங்கள் தாயார் ஜாய்சிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. முதியோர் குடியிருப்பில் புதன்கிழமைகளில் நானும் அவரும் ஒரே மேசையில்தான் சீட்டாடுகிறோம். தடையைப் பற்றிச் சொன்னேன். "அந்த ரெண்டுல ஒண்ணையாவது அவன் போட்டிருக்கலாம்" என்றார். வார்ப்பிரும்பு மூடியோடு வருகிறாராம்.

இப்படிக்கு, தங்கள் பதிலைச் சனிக்கிழமைக்கு முன் எதிர்பார்க்கும்,

மேவிஸ் ஓல்ட்ராய்ட்
(கையொப்பம்)

இடம்: ஸ்கெல்பி
நாள்: 3 ஏப்ரல் 2025