அம்மாவின் சிவப்பு விளக்கு

ஏப்ரல் 9, புதன் இரவு

குளிர்காலத் தூக்கத்திலிருந்து எழும்பிப் பன்னிரண்டு நாளாக என் ஆமை எதுவும் சாப்பிடவில்லை. அம்மா தோள் நோவுக்குப் பிடிக்கும் சிவப்பு விளக்கை அவரிடம் கேட்டு வாங்கிவந்து ஆமையின் பெட்டிக்கு மேல் கட்டியிருந்தேன். சூடு இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆமை மூலையிலேயே கிடந்தது.

இன்று செல்லப்பிராணிக் கடையில் கேட்டேன். “ஆமை வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வெயிலென்று வரும். இதில் வெறும் சூடுதான்” என்றாள் அங்கிருந்த பெண். புற ஊதாக் கதிரும் வரும் வெள்ளை விளக்கொன்றைத் தந்தாள். மாட்டி அரை மணித்தியாலத்தில் ஆமை அதன் கீழே வந்து காலை நீட்டிப் படுத்தது. பிறகு ஓர் இலையை முழுதாகத் தின்றது.

சிவப்பு விளக்கை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். வலது கையைத் தூக்க ஏலாமல் அம்மா இடது கையால் வாங்கினார்.

“நோகுதெண்டு சொல்லியிருக்கலாமே, அம்மா?”

“அது வாயில்லாத சீவன். எனக்கு வாய் இருக்குத்தானே.”

“அந்த வாயால ஒண்டும் சொல்லேல்லையே.”

அம்மா சிரித்துக்கொண்டு விளக்கைப் போட்டுத் தோளை அதற்குக் காட்டினார்.

இந்தக் கொப்பியில் பன்னிரண்டு நாளும் ஆமை சாப்பிட்டதா என்று எழுதியிருக்கிறேன். அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.