வலி தெரியாத கால்

12-7-1977
செங்கம் சாலையில் இன்றும் நின்றுவிட்டேன். ஆசிரமம் தாண்டியதும் வலது கெண்டைக்காலை யாரோ பிடித்து முறுக்குவது போல. விலாசம் படிப்பவன் மாதிரி இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. தபால்காரன் நின்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

3-8-1977
டாக்டர் சிறுநீரைச் சோதித்தார். சர்க்கரை ஜாஸ்தி. "காலுக்கு ரத்தம் சரியா போகல. பீடிய விடுங்க. தினமும் பாதத்தைப் பாருங்க, அடிபட்டா உங்களுக்கு வலி தெரியாது" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. வேதாவுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரன் வந்திருக்கிறது. அப்பனுக்குச் சர்க்கரை என்றால் நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்பார்கள். கல்யாணம் முடியட்டும்.

20-10-1977
மாத்திரை தபால் பையில் இருக்கிறது. பாதி நாள் மறந்துவிடுகிறேன். பீடி மட்டும் மறப்பதில்லை.

27-1-1978
வேதா கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி அருணகிரி தங்கமான மனிதர்.

9-2-1978
மணியம்மாள் கத்தினாள். "ஏங்க, தரையெல்லாம் ரத்தம்! யாரு காலு இது?"

என் கால்தான். செருப்பாணி கட்டைவிரலுக்கு அடியில் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் ஊரெல்லாம் நடந்திருக்கிறேன்.

மனைவியிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். மஞ்சள் வைத்துக் கட்டச் சொன்னேன்.

2-3-1978
விரல் கறுத்துவிட்டது. நாற்றம்.

6-3-1978
வேலூர் ஆஸ்பத்திரி. ரத்தம் போகாத இடத்தில் புண் ஆறாதாம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம்.

மணியம்மாள் அழவில்லை. "எத்தினி மாசமா உங்களுக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஏழு மாசம்.

மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. என்னா காரியம் பண்ணிட்டேன் — அவகிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? நானு மனுஷனா?

11-3-1978
எடுத்துவிட்டார்கள். இருந்தபோது மரத்துக் கிடந்த பாதம், போன பிறகு வலிக்கிறது.

14-5-1978
சம்பந்தி பஸ் பிடித்துப் பார்க்க வந்தார். வேட்டி தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

"இதுக்குப் போயா வாய மூடிக்கினு இருந்தீங்க?" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் பதினோரு வருஷமா சர்க்கரைதாங்க. பொண்ணு வூட்ல பயந்துடுவாங்கன்னு நானும் சொல்லாம வுட்டேன்."

மணியம்மாள் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். இரண்டு டம்ளரிலும் சர்க்கரை இல்லை.