ஏழுமலை போட்ட ஸ்டேட்டஸ்

பிவண்டி (மும்பை அருகே),
12.11.2025, புதன்.

அன்புள்ள வசந்தகுமாரிக்கு,

நான் நலமே. உன் முழங்கால் வலி குறைந்ததா? பேரன் கோகுல்ராஜ் கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறானா? போனில் சொன்னால் அழுவாய் என்பதால், எழுதி மருமகள் மஞ்சுளாவுக்குப் படமாக அனுப்புகிறேன்.

கடந்த 9ஆம் தேதி, ஞாயிறன்று, எங்கள் கிடங்கு மெஸ்ஸில் சிறு கலவரம். கேரம் ஆட்டத்தில் உடன் வேலை செய்யும் சிவகுமாரிடம் தோற்ற நம் சாலவாக்கத்து ஏழுமலை, "சிவகுமாருக்கு இன்னிக்குத் தரமான சம்பவம் கீது" என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தான்.

"இன்னாடா, எனக்கே சம்பவமா?" என்று சிவகுமார் காய் நறுக்கும் கத்தியை அவன் வயிற்றில் இறக்கினான். மறுபடி ஓங்கியபோது நான் கத்தியைப் பிடித்துவிட்டேன். இடது உள்ளங்கையில் தையல், அவ்வளவே.

"சும்மா ஜாலிக்குப் போட்டேன் பெர்சு" என்றான் ஏழுமலை, ரத்தத்தில் கிடந்தபடி. பிழைத்துவிடுவானாம்.

1984 முதல் ஓய்வு பெறும்வரை காவல் நிலைய எழுத்தராக, வெட்டு, குத்து அனைத்தையும் "சம்பவம்" என்றே எழுதினேன். அதுவே நிலைய வழக்கம். எழுதியதை வாசித்துக் காட்டும்போது கேட்ட கைதிகள் அச்சொல்லை வெளியே கொண்டுபோனார்கள். ரவுடிகளின் வாயிலிருந்து இப்போது பிள்ளைகளின் போனுக்கு வந்திருக்கிறது.

நேற்று கோகுல்ராஜும் திருமுக்கூடல் பையன்களின் பெயரைப் போட்டு, அரிவாள் படத்துடன் அதே சொல்லை ஸ்டேட்டஸாக வைத்திருக்கிறான்.

ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போட வரவில்லை; போட்டுவிடவும் ஆளில்லை. இரண்டு பனியன் தேவை. ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. பார்சலில் அனுப்பாதே. நாளை, 13ஆம் தேதி ரயிலிலேயே, கோகுல்ராஜிடம் கொடுத்து அனுப்பு.

ஜானகிராமன்