ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, பழைய டைரியிலிருந்து எல்லோருடைய பிறந்தநாளையும் பார்த்துப் புது டைரியில் எழுதினேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறாய்?

வார்டில் நர்ஸ்களின் டியூட்டி, லீவு எல்லாம் குறிக்க, கோட்டுப் பையில் அடங்குகிற டைரியாக நேற்றுக் கடையில் தேடினேன். கூட வந்த நர்ஸ் ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ஞாயித்துக்கிழமைக்கு அரைப் பக்கந்தான் விட்டிருக்கான். வீட்டுக்குப் போன் பேச நீங்க ஒரு பக்கம் எழுதி வைப்பீங்களே, பத்துமா?"

"இனிமே பத்தும்டி" என்றேன். அப்பா போய் ஐந்து மாதமானது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், முகம் வாடிவிட்டது.

அந்தப் பக்கம் முழுக்க அப்பாவிடம் சொல்வதற்குத்தான். நீ "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு அவரிடம் போனைக் கொடுத்துவிடுவாய். இப்போது கொடுக்க ஆளில்லை. நீயும் போனை வைப்பதில்லை, நானும் வைப்பதில்லை. உன் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இன்று காலை எழுதும்போது அப்பாவின் பிறந்தநாளையும் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அவருடைய மைப்பேனாவை யாருக்கும் கொடுத்துவிடாதே. தபாலிலும் அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். மார்ச் மாதத்தோடு இந்த வேலையை விடுகிறேன் அம்மா. இங்கே இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

உன் மகள்